கொக்கி ஊசியும் குல்லாயும்

தொப்பியைப் பற்றிக் கட்டுரை எழுத என்ன இருக்கின்றது என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். தொப்பி அணிவது சுன்னத்தா, முஸ்தஹப்பா, தலை திறந்து தொழுதால் மக்ரூஹா என்றெல்லாம் நம்மிடம் கேட்டோர் பலர். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நமக்கு அக்கேள்விகளுக்கு விடை சொல்லிச் சொல்லி நாவு பழகிவிட்டது. ஆனால், "இந்தத் தொப்பியைப் பின்னியவர் யார்?" என்று இதுவரை ஒருவரும் நம்மைக் கேட்டதில்லை. சென்ற ஆண்டுவரை நாமும் நம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

சென்ற ஆண்டு ரமலான் பிறைக்குப் பத்து நாள் இருக்கையில், பேரனுக்குத் தொப்பி வாங்கிவர மன்னார்குடிக் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தோம். கடைக்காரர் ஒரு பெரிய நெகிழிப் பையைக் கவிழ்த்தார். நூற்றுக்கணக்கான தொப்பிகள், எல்லாம் ஒரே அச்சு. நைலான் நூலில் எந்திரம் பின்னித் தள்ளியவை. விலையும் மலிவுதான். வாங்கி வந்து பேரன் தலையில் வைத்தோம். ஒரு வக்துத் தொழுகை முடிவதற்குள், "நெற்றியெல்லாம் அரிக்குது" என்று கழற்றிவிட்டான். பழைய தகரப்பெட்டியின் அடியில் நம் சிறுவயதுத் தொப்பி ஒன்று இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நம் பெரியம்மா பின்னியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வெண்மை மங்கிச் சற்றே பழுப்பேறியிருந்ததே தவிர, கண் ஒன்றுகூட அறுபடவில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை அவிழ்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் குல்லா, குல்லாய் என்று வழங்குவது பாரசீகத்துக் 'குலாஹ்' என்னும் சொல்லின் வழி வந்தது. அரபுக் கித்தாபுகளில் 'கலன்ஸுவா' என்பது பழஞ்சொல். பிற்காலத்தில் 'தாக்கிய்யா' என்ற சொல் பரவிற்று. இவற்றோடு 'அரக்கிய்யா' என்று இன்னொன்றும் உண்டு. அரக் என்றால் வியர்வை. தலைப்பாகையின் கீழ், வியர்வையை உறிஞ்சுவதற்கென்று அணியும் மெல்லிய பருத்திக் குல்லாய்க்கு அப்பெயர். (ஆங்கிலேயர் சாராயத்துக்கு வழங்கிய 'அராக்' என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். அதற்கு வேர் என்ன செய்யும்!) நம் வீடுகளில் நூலால் பின்னப்பட்ட வலைத்தொப்பி இந்த அரக்கிய்யாவின் இனத்தைச் சேர்ந்ததே. விளிம்பு நீட்டிய தொப்பி ஸஜ்தாவுக்கு இடையூறு. வட்டமாய், விளிம்பின்றி, தலையோடு ஒட்டிக்கிடப்பதே தொழுகையாளிக்கு ஏற்றது. கடும் வெயிலில் துணியின்மீது ஸஜ்தாச் செய்வது பற்றிய பாடத்தின் தலைப்பிலே, முன்னோர் தலைப்பாகையின்மீதும் கலன்ஸுவாவின்மீதும் ஸஜ்தாச் செய்தனர் என ஹஸனுல் பஸரீ (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) பதிந்திருப்பதை மதரஸாவில் ஓதியோர் அறிவர்.

தொப்பி எப்போதும் இவ்வளவு அடக்கமாக இருந்துவிடவும் இல்லை. ஹிஜ்ரி 153-இல், அதாவது கி.பி. 770-இல், அப்பாஸியக் கலீபா மன்ஸூர் தம் மக்கள் மிக நெடிய கலன்ஸுவாக்களை அணிய வேண்டுமென்று ஆணையிட்டார். அவை சரிந்துவிடாமல் நிற்க, உள்ளே நாணற்குச்சிகளை வைத்தார்களாம். தபரீயின் வரலாற்றில் இது பதிவாகியுள்ளது. அபூதுலாமா என்னும் கவிஞர் இதைக் கேலி செய்து பாடிய பாட்டும் அதனோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. அரசன் ஆணையிட்ட தொப்பி ஆதலால் அதற்கு ஆண்டும் உண்டு, அதைப் பாடக் கவிஞரும் உண்டு.

துருக்கித் தொப்பியின் கதையும் அத்தகையதே. உதுமானிய ஸுல்தான் இரண்டாம் மஹ்மூது 1829-இல் தலைப்பாகையை ஒதுக்கி, அதிகாரிகளுக்குச் சிவந்த ஃபெஸ் தொப்பியை விதித்தார். அதைச் செய்வதற்கென்றே 1830களில் இஸ்தன்பூலில் ஆலை எழுந்தது. ஆயினும் காலப்போக்கில் ஆஸ்திரிய ஆலைகளின் சரக்கே துருக்கியரின் தலைகளை நிறைத்தது. 1908-இல் ஆஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டதும், துறைமுகக் கூலிகள் ஆஸ்திரியக் கப்பல்களின் சரக்கை இறக்க மறுத்தனர். மக்கள் ஃபெஸ்ஸைக் களைந்து வேறு குல்லாய்களைத் தேடினர். முஸ்லிமின் அடையாளம் என்று எண்ணிய தொப்பி அயலான் ஆலையிலிருந்து வந்தது என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர். பின் 1925 நவம்பரில் முஸ்தபா கமாலின் அரசு சட்டம் இயற்றி அதைத் துருக்கியிலிருந்தே அகற்றிற்று.

நமக்கு அண்மையிலும் ஒரு வழக்கு நடந்தது. 1905-இல் கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் எழுந்து நின்றபோது, தொப்பியைக் கழற்ற வேண்டும் அல்லது காலணியைக் கழற்ற வேண்டும் என்று நீதிபதி தடுத்தார். இலங்கை முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் மாபெரும் கூட்டம் கூடியது. பின்னர் தடை விலகியது. தம் உரிமைக்காக அவர் நின்ற நிலை போற்றத்தக்கது. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், கவனியுங்கள். அரசவையிலும் ஆலையிலும் நீதிமன்றத்திலும் வலம்வந்த தொப்பிக்கு வரலாறு இருக்கின்றது. அடுப்பங்கரைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையே பிறந்த வெள்ளை வலைத்தொப்பிக்கு அது இல்லை. சிவப்புத் தொப்பி அணிந்தவரின் பெயரை நாம் அறிவோம். வெள்ளைத் தொப்பி பின்னியவரின் பெயரை அந்தந்த வீட்டாரே மறந்துவிட்டனர்.

அத்தொப்பி எவ்வாறு பிறக்கின்றது என்பதைச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம். ஆண்களில் பலருக்கு இது தெரியாது. நமக்கும் சென்ற ஆண்டுதான் தெரிந்தது. நம் வீட்டாரிடம் கேட்டுக் கற்றோம்.

கருவி ஒன்றே ஒன்று. நுனியில் சிறு கொக்கி வளைந்த எஃகு ஊசி. 'குரோஷே' என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும். நம் பெண்கள் அதைக் 'குரோஷா ஊசி' ஆக்கிக்கொண்டனர். அதனுடன் முறுக்கேறிய பருத்தி நூல் உருண்டை ஒன்று. வேறு தறியில்லை, சட்டமில்லை. முதலில் நூலை ஒரு சிறு வளையமாக்கி, அவ்வளையத்துக்குள் பன்னிரண்டு தையல் போடுவர். அதுவே உச்சி. அடுத்த சுற்றில் இருபத்து நான்கு, அதற்கடுத்து முப்பத்தாறு, பின் நாற்பத்தெட்டு. ஒவ்வொரு சுற்றிலும் சரியாகப் பன்னிரண்டு கூட வேண்டும். கூட்டல் குறைந்தால் வட்டம் கிண்ணம்போல் குவியும். மிகுந்தால் ஓரம் அப்பளம்போல் நெளியும். வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்துக்கு ஏற்பச் சீராகப் பெருகும் என்னும் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் கரும்பலகையில் வட்டம் போட்டுப் புரியவைக்கப் படும் பாடு கொஞ்சமன்று. எழுத்தறியாத பெண்கள் அக்கணக்கை விரலில் வைத்திருந்தார்கள்.

வட்டம் தலையின் உச்சியை மூடும் அளவு விரிந்ததும் கூட்டுவதை நிறுத்திவிடுவர். நிறுத்திய அக்கணமே பின்னல் மடங்கிச் சுவராக இறங்கத் தொடங்கும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் அடங்கியிருக்கின்றது. ஒரு சுற்று முந்தினால் தொப்பி தலையில் ஏறாது, ஒரு சுற்று பிந்தினால் காதில் இறங்கும். எட்டுமுனை நட்சத்திரம், பூவிதழ், பிறை எனக் கோலங்கள் எல்லாம் எந்த இடத்தில் தையலை நிரப்புவது, எந்த இடத்தில் வெறுஞ்சங்கிலி ஓட்டித் துளைவிடுவது என்பதைப் பொறுத்தவை. மாதிரித்தாள் ஏதும் பார்க்காமலே, வாசலில் கோலப் புள்ளி வைக்கும் அண்டைவீட்டுப் பெண்களைப்போலவே, எண்ணத்திலிருந்தே இவர்கள் கோலம் வகுத்தனர்.

பெரியம்மாவின் தொப்பியை நம் பேத்தியும் நாமும் இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து எண்ணினோம். உச்சியிலிருந்து பதினாறு சுற்று. பதினாறாம் சுற்றில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கண்கள். ஆக உச்சி வட்டத்தில் மட்டும் 1,632. சுவர் பன்னிரண்டு சுற்று, அதில் 2,304. இரண்டும் சேர்ந்து 3,936. இவற்றுள் துளைவிட்ட சங்கிலிக் கண்களும் அடக்கம். நிறைந்த தையல் ஒன்றுக்குக் கொக்கி நூலை நான்கு முறை பற்றி இழுக்க வேண்டும். சங்கிலிக்கு ஒரு முறை போதும். சங்கிலியைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு தொப்பிக்குக் கை பத்தாயிரம் முறைக்குக் குறையாமல் அசைந்திருக்கும் என்று கணக்கிட்டோம். பேத்தி, "பாட்டிக்குக் கை வலிக்காதா?" என்று கேட்டாள்.

இந்தக் கொக்கி ஊசி நம் வீடுகளுக்கு எங்கிருந்து வந்தது? நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து ஆடை செய்யும் கலைகள் மிகப் பழையவை. மிஸ்ரு நாட்டு மணலுக்குள்ளிருந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட, ஒற்றை ஊசியால் முடைந்த காலுறைகள் கிடைத்துள்ளன. பின்னர் இஸ்லாமிய மிஸ்ரில் ஊசிகளால் பின்னிய பருத்திக் காலுறைகள், நீலமும் வெள்ளையுமாய், அரபு எழுத்தைப் போன்ற கோலங்களுடன் கிடைக்கின்றன. ஆனால் அவை கொக்கி ஊசி வேலை அல்ல. கொக்கியால் பின்னும் இம்முறைக்குத் தெளிவான சான்று ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் காணப்படுகின்றது. 1823-இல் 'பெனலொப்பே' என்னும் டச்சு இதழ் இம்முறையில் பணப்பை பின்னும் வழியை அச்சிட்டது. இதற்கு முன்னோடி, துணியை வட்டச் சட்டத்தில் இறுக்கி, கொக்கியால் சங்கிலித்தையல் போடும் பூவேலை என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. அப்பூவேலை கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. குஜராத்தின் கட்சுப் பகுதியில் தோல்தைக்கும் மோச்சிகள் கையாண்ட 'ஆரி' ஊசியும் அவ்வினத்தது. அக்கருத்து சரியாயின், நம் நாட்டுக் கொக்கி கப்பலேறிச் சீமைக்குப் போய், துணியை உதறிவிட்டு, வெறும் நூலோடு திரும்பி வந்திருக்கின்றது!

சீமையிலும் அது சீமாட்டிகளின் பொழுதுபோக்காக மட்டும் இருந்துவிடவில்லை. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் மூண்டது. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். அப்போது கார்க் நகரை அடுத்த கன்னிமடத்தில் ஏழைப் பெண்களுக்கு இப்பின்னலைக் கற்பித்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில் 1847-இல் பாதிரியார் ஒருவரின் மனைவியான கஸான்ட்ரா ஹேண்ட் அம்மையார் இதைத் தொடங்கினார். நிலம் சோறிடாத வீடுகளில் கொக்கி ஊசி சோறிட்டது. அயர்லாந்துப் பின்னல் என்று அதற்கு உலகப்பெயர் கிடைத்தது.

நம் தமிழகத்தில் இதற்கு முன்னரே லேஸ் வேலை வேரூன்றிவிட்டது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி வேலையன்று. திண்டின்மீது குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அடிமைகளாய் இருந்த பெண்கள் சிலர் அக்கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையையே விலைக்கு வாங்கினர் என்று மிஷன் குறிப்புகள் கூறுகின்றன. அவ்வம்மையாரின் மகள் எலைசாவை மணந்தவர்தாம் ராபர்ட் கால்டுவெல். 1856-இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணத்தைத் தமிழ்ப்புலவர் அனைவரும் அறிவர். அதே இடையன்குடியில் எலைசா அம்மையார் லேஸ் கற்பித்து எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்ததைப் புலவர்களில் எத்தனை பேர் அறிவர்? இலக்கணத்துக்கு நாம் கொடுத்த மதிப்பில் கால்வாசியாவது கஞ்சிக்குக் கொடுத்திருக்கலாம்.

காவிரிக் கரையிலும் மிஷன் பள்ளிகள் இருந்தன. மன்னார்குடியில் வெஸ்லியன் மிஷனாரின் பின்லே பள்ளியை அறியாதவர் இல்லை. பெண்பள்ளிகளில் தையற்கலை ஒரு பாடமாக இருந்த காலம் அது. பள்ளிக்குச் சென்ற ஒரு பெண் கற்றால் போதும், சுவருக்குச் சுவர் தாவி அது தெரு முழுதும் பரவிவிடும். நம் பெரியம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். கொல்லைப்புற வேலிக்கு அப்பாலிருந்த கிறித்தவ ஆசிரியை ஒருவரிடம் பார்த்துக் கற்றதாகச் சொல்வார். அவர் மேசைவிரிப்புக்குப் போட்ட அதே வட்டத்தை இவர் தொப்பியாக மடக்கிக்கொண்டார். நம் பகுதிப் பெண்கள் பலர் இப்படித்தான் கற்றனர். மேசையில்லாத வீடுகளில் மேசைவிரிப்புக்கு என்ன வேலை?

இனி, சொல்ல வந்த செய்திக்கு வருகின்றோம்.

காவிரிப்படுகையைப் போன்றே நெல்விளையும் மற்றொரு படுகை கோதாவரிப்படுகை. அங்கே மேற்குக் கோதாவரியில் நரசாப்பூர் என்னும் ஊர். 1844-ஐ ஒட்டி ஸ்காட்லாந்து நாட்டு மக்ரே என்னும் மிஷனரி தம்பதியர் கோதாவரிக் கரையில் இவ்வேலையைத் தொடங்கிவைத்தனர் என்பது அங்கு வழங்கும் வரலாறு. பின்னர் அது வணிகர் கைக்கு மாறியது. ஊரைச் சுற்றிலும் லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் தத்தம் வீட்டு வாசலில் அமர்ந்து கொக்கி ஊசியால் பின்னினர். சரக்கு கப்பலேறி மேலைநாடுகளுக்குச் சென்றது. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் 1970களின் இறுதியில் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம் பின்னிய பெண்ணின் கூலி ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை. வயலில் நாற்று நட்ட கூலிப்பெண் அவளைவிட மிகுதியாகப் பெற்றாள்.

ஏன் அப்படி? வணிகர்கள் சொன்ன விடை, "அவர்கள் வேலை செய்யவில்லை, ஓய்வுநேரத்தைக் கழிக்கின்றார்கள்" என்பது. குடிக்கணக்கெடுப்பிலும் அவர்கள் தொழிலாளராக எழுதப்பெறவில்லை. இல்லத்தரசி என்றால் முடிந்தது. இதில் நம் உள்ளத்தைத் தைத்த செய்தி ஒன்று உண்டு. அப்பெண்களில் ஒரு சாரார் தம்மைக் 'கோஷா' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டனராம். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர், காப்பு வகுப்பைச் சேர்ந்த இந்துக்கள். வயலுக்குப் போகாமல் வீட்டுக்குள் இருப்பதே தம் குடும்பத்தின் மானம் என்று கருதினர். அந்த மானத்துக்கு அவர்கள் கொடுத்த விலையே அக்குறைந்த கூலி. வெளியே போக முடியாதவள் பேரம் பேச முடியாது. அடுத்த தெருவில் என்ன கூலி என்று கேட்க முடியாது. தான் பின்னியது எந்த ஊரில் என்ன விலைக்குப் போகின்றது என்றும் அவளுக்குத் தெரியாது.

இதைப் படித்தபோது நாம் சிறுவனாய்த் தூக்கிச் சென்ற பை நினைவுக்கு வந்தது.

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் கூத்தாநல்லூரும் பொதக்குடியும் உள்ளன. மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று கடல்கடந்து சென்ற சபராளிகளின் ஊர்கள். கடல் கடந்து பொருளீட்டியோரின் பெருமையை எழுதாத மலர் இல்லை. பேசாத மேடை இல்லை. நம் பெரியப்பாவும் சபராளிதான். ஆனால் எல்லாச் சபராளிகளின் கடிதத்திலும் உண்டியல் சீட்டு இருந்துவிடவில்லை. ஒரு கட்டத்தில் கடிதமே நின்றது. பெரியம்மா தொப்பி பின்னினார்.

அது 1970களின் இறுதி. மரியா மீஸ் அம்மையார் நரசாப்பூரில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் என்பதை இப்போது கணக்குப் பார்த்து அறிகின்றோம். பக்கத்து ஊர் வணிகர் ஒருவர் நூலை நிறுத்துக் கொடுப்பார், தொப்பியை நிறுத்து வாங்குவார். எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். பெரியம்மா கடைக்கு வர மாட்டார் ஆதலால் பையைத் தூக்கிக்கொண்டு போவது நம் வேலை. ஒரு டஜன் தொப்பிக்குக் கிடைத்த கூலி இரண்டு படி அரிசிக்குக் காணாது. ஐப்பசி அடைமழையில் ஒரு முறை நூல் வாங்கி வந்தோம். மழை விட்டு வெயில் காய்ந்தபின் தொப்பிகளைக் கொண்டுபோனபோது எடை குறைந்தது. "நூலை எடுத்துக்கொண்டார்களா?" என்று அவர் கேட்டார். கடையில் நான்கு பேர் இருந்தனர். நாம் பதில் பேசாமல் பிடித்தம் போகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம், பெரியம்மா நூலை எடுத்துத்தான் இருப்பார் என்றே எண்ணினோம். பருத்தி ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி எடை கூடும், காய்ந்தால் குறையும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு நூற்பாலை ஊழியர் பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டபோது, அந்தக் கடைவாசல் நம் கண்முன் வந்தது. பெரியம்மா அப்போது உயிரோடில்லை.

நம்மை மதரஸாவுக்கு அனுப்பியபோது வாங்கிய முதல் கித்தாபுகளும், போர்வையும், தகரப்பெட்டியும் அக்கூலியில் வாங்கியவை. பெரியப்பாவின் சபர்க்காசில் ஓதியதாகவே குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். நாமும் பட்டமேற்பு நாளில் மேடையேறி அப்படித்தான் நன்றி கூறினோம். திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியில் பெரியம்மா அமர்ந்திருந்தார். பிறகு அவர் அதைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. பின்னுவது வருமானம் என்று எவர் கணக்கிலும், ஏன், அவர் கணக்கிலுமே, ஏறியிருக்கவில்லை.

இத்தனைக்கும் நம் மார்க்கத்தின் தொடக்கக் காலத்தில் பெண்ணின் கைத்தொழில் கணக்கில் ஏறாததன்று. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் பொருளீட்டி, அதைத் தருமம் செய்தவர்கள். மனைவியருள் கை நீண்டவரே முதலில் தம்மைச் சேர்வார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும், அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்ததும், ஹிஜ்ரி 20-இல் ஸைனப் நாயகியார் முதலில் மறைந்தபோதுதான் அதன் பொருள் விளங்கியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. நீண்ட கை என்பது உழைத்துக் கொடுத்த கை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார் கைவினை செய்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவிட்டதும், அதற்கு நன்மை உண்டா என்று அவர் கேட்டதும் ஓதியிருக்கின்றோம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை விளக்கியும் இருக்கின்றோம். அப்போதெல்லாம் நம் மனக்கண்ணில் நின்றவர் கொத்தனாரும் வண்டிக்காரருமே. வியர்வைக்குல்லாய் பின்னியவரின் வியர்வை நினைவுக்கு வந்ததில்லை.

இன்றைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். எந்திரத் தொப்பி சந்தையை நிறைத்துவிட்டதெனினும் கைப்பின்னல் அழிந்துவிடவில்லை. அது இடம் மாறியிருக்கின்றது. வங்கதேசத்தில் போக்ரா வட்டாரத்துக் கிராமப்பெண்கள் கொக்கி ஊசியால் வலைத்தொப்பி பின்னுகின்றனர். ரங்கப்பூர்ப் பக்கத்தில் ஊசியால் பூவேலை செய்த தொப்பிகள் ஓமான் நாட்டுக்குச் செல்கின்றன. ஓமானியர் 'கும்மா' என்று அழைக்கும் அத்தொப்பியில் நூற்றுக்கணக்கான நுண்துளைகளைச் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். ஸான்ஸிபாரிலும் அதன் உடன்பிறப்பை 'கோஃபியா' என்று அணிகின்றனர். உம்ராவுக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் ஸம்ஸம் நீரோடும் பேரீச்சையோடும் நமக்கு ஒரு தொப்பியும் தருகின்றனர். மக்காவிலிருந்து வந்தது என்று கண்ணில் ஒற்றிக்கொள்கின்றோம். அது சீன ஆலையில் பிறந்ததாகவும் இருக்கலாம், போக்ராவில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஒருத்தி விளக்கடியில் பின்னியதாகவும் இருக்கலாம். அவளுக்கு வந்துசேர்ந்த கூலி எவ்வளவு என்று விற்பவரும் அறியார், வாங்குபவரும் கேளார்.

நரசாப்பூரின் லேசுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்ப் பெயரை வேறெவரும் தம் சரக்குக்குச் சூட்டிக்கொள்ள முடியாது. நல்ல செய்திதான். ஊரின் பெயர் காக்கப்பட்டுவிட்டது. பின்னும் கைக்கு என்ன கிடைக்கும் என்பதைக் குறியீடு சொல்லாது.

நம் பகுதியில் சமூக வரலாறு எழுதுவோர், ஊர்மலர் தொகுப்போர் பலர் உளர். அவர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். வக்ஃபு செய்தோர் பட்டியலையும் கப்பலேறியோர் பட்டியலையும் சேர்க்கும்போது, அந்தந்தத் தெருவில் யார் யார் தொப்பி பின்னினர், யார் பாய் முடைந்தனர், யார் தையல் தைத்துப் பிள்ளைகளை ஓதவைத்தனர் என்பதையும் முதிய பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால், "அதெல்லாம் ஒரு வேலையா?" என்பார்கள். அதைத் தாண்டி இரண்டாம் முறை கேட்க வேண்டும். நாம் நம் தெருவில் கேட்கத் தொடங்கியிருக்கின்றோம். இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்துள்ளன. இருவர் மட்டும் உயிரோடிருக்கின்றனர். ஒருவருக்குக் கண் தெரியவில்லை. ஆயினும் நூலைக் கையில் கொடுத்தபோது பன்னிரண்டு கண்ணை எண்ணிப் போட்டு வட்டத்தை முடித்துக் காட்டினார்.

பெரியம்மாவின் தொப்பியைப் பேரன் இப்போது அணிகின்றான். பருத்தியாதலால் அரிப்பதில்லை. ஓரத்தில் அவிழ்ந்த வரிசை நாளுக்குநாள் சற்றே நீள்கின்றது. அதைச் சேர்த்துப் பின்னித்தர ஆள் உண்டா என்று மன்னார்குடிக் கடைத்தெருவில் விசாரித்தோம். "புதுசே மலிவாக் கிடைக்குதே ஹஜ்ரத், இதை ஏன் வச்சுக்கிட்டு அலையுறீங்க?" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பேத்தியிடம் கொடுத்தோம். அவள் அந்தக் கண் தெரியாத மூதாட்டியிடம் நாள்தோறும் அஸருக்குப் பின் சென்று, சங்கிலி ஓட்டுவதுவரை கற்றிருக்கின்றாள்.